செல்லைத் திட்டாதீர்கள், சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்

மேடையில் பேசிக்கொண்டிருப்பவரின் கார்ட்லெஸ் மைக் பாதியில் நின்றுபோனால் முதல் பழி ஃப்ரீக்வென்சி மேல்தான் விழும். "பக்கத்துல டவர் இருக்குல்ல, அதான் இழுக்குது" என்பார் ஒருவர். "மேகமூட்டமா இருக்கு, அதான்" என்பார் இன்னொருவர். மைக்கை வாங்கித் தட்டிப் பார்ப்பார்கள், ஊதிப் பார்ப்பார்கள், ரிசீவர் ஆன்டெனாவை வடக்கும் தெற்குமாகத் திருப்புவார்கள். கடைசியில் ஒரு பையன் ஓடிவந்து அடிமூடியைத் திருகி இரண்டு செல்லை மாற்றியதும் குரல் வந்துவிடும். அதற்குள் கல்யாண வீட்டுக்காரர் மனதில் ஒன்று பதிந்திருக்கும்: "அந்த மைக்செட்டுல கார்ட்லெஸ் சரியில்லப்பா."

மதுரையில் ஒலி அமைப்புத் தொழிலில் இருப்பவன் நான். கல்யாண மண்டபம், பட்டிமன்றம், கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா என்று போகாத இடமில்லை. எங்கள் தொழிலில் வயர் இழுக்கிற வேலை வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறது. கையில் பிடிக்கும் கார்ட்லெஸ், சட்டைக் காலரில் குத்தும் மைக், அதற்கு இடுப்பில் மாட்டும் பாடி பேக், பாடகர் காதில் செருகும் மானிட்டர், எங்கள் பையன்கள் கையில் வாக்கி டாக்கி. எல்லாமே செல்லை நம்பி ஓடுகிறவை. லட்ச ரூபாய் கொடுத்து மைக் வாங்குகிற ஆள்கூட அதற்குள் போடும் செல்லையும், அதைச் சார்ஜ் போடும் பெட்டியையும் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார். பிறகு ரீசார்ஜ் செல்லே உதவாது என்று முடிவு கட்டிவிடுகிறார். என்னைக் கேட்டால், ரீசார்ஜ் செல்லுக்கு எமன் பெரும்பாலும் அதன் சார்ஜர்தான்.

உசிலம்பட்டிப் பக்கம் சின்னதாக மைக்செட் வைத்திருக்கும் தம்பி ஒருவர் கடைக்கு வந்திருந்தார்.

"அண்ணே, இந்த ரீசார்ஜ் செல் நமக்குச் சரிப்பட்டு வராதுண்ணே. வாங்கி மூணு மாசம் ஆகல, ஒரு பட்டிமன்றம் தாங்க மாட்டேங்குது."

"சார்ஜர் எங்க?"

"அதுவா, செல்லு கூடவே வந்ததுண்ணே. நாலு செல் வாங்குனா சார்ஜர் ஃப்ரீ."

"இங்கன கொண்டா."

பிளக்கைப் பிடுங்கி, சற்று நேரம் ஆறவிட்டு, பின்பக்கம் இருந்த ஒற்றை ஸ்குரூவைக் கழற்றினோம். உள்ளே விரல் அகலத்துக்கு ஒரு போர்டு. கரண்டைக் குறைத்துத் தரும் சின்ன சர்க்யூட் ஒரு ஓரத்தில். அதிலிருந்து இரண்டு பாதை. ஒவ்வொரு பாதையிலும் ஒரு டையோடு, ஒரு ரெசிஸ்டர், ஒரு சிவப்பு எல்.இ.டி. அவ்வளவுதான். செல் நிரம்பியதா என்று பார்க்கிற எதுவும் அதில் இல்லை. வெப்பத்தைப் பார்க்கிற சென்சார் இல்லை. நேரத்தை எண்ணுகிற ஒன்றும் இல்லை. செல்லுக்குள் கரண்ட் போய்க்கொண்டிருக்கிறது என்பதைத்தான் அந்தச் சிவப்பு விளக்கு சொல்கிறது. செல் நிரம்பி வழிந்தாலும் எரியும், மறுநாள் சாயங்காலம் வரைக்கும் எரியும். "விளக்கு அணையட்டும்னு காத்திருந்தேன்ணே" என்றார் தம்பி. அது எப்படி அணையும்?

இன்னொரு விஷயமும் அந்தப் போர்டில் தெரிந்தது. நான்கு செல் போடும் இடம் இருக்கிறது, விளக்கு இரண்டே. காரணம், இரண்டு இரண்டு செல்லாகத் தொடராக இணைத்துச் சார்ஜ் செய்கிறது. இதுதான் பெரிய வினை. பாடி பேக்கிலிருந்து எடுத்த ஒரு செல், சுவர்க் கடிகாரத்திலிருந்து எடுத்த ஒரு செல் என்று ஒரே பாதையில் போட்டால், பாதி நிரம்பியிருந்தது முதலில் நிரம்பிச் சூடாகும். காலியாக இருந்தது இன்னும் பாதிதான் ஏறியிருக்கும். தொட்டுப் பார்த்து "சூடாயிருச்சு, போதும்" என்று எடுத்தால் ஒன்று வெந்தது, ஒன்று வேகாதது. அப்படியே இரண்டையும் ஒரே மைக்கில் போட்டு நிகழ்ச்சிக்குக் கிளம்புகிறோம்.

மைக்குக்குள் நடப்பது இன்னும் மோசம். அங்கும் இரண்டு செல்லும் தொடரில்தான். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு படுத்துவிட்டால் இன்னொன்று அதையும் சேர்த்து இழுக்கிற மாதிரி, காலியான செல் வழியாக நல்ல செல் தொடர்ந்து கரண்டைத் தள்ளும். காலியான செல்லின் துருவம் தலைகீழாகத் திரும்பும். ஒருமுறை அப்படித் திரும்பிய செல் பழைய கொள்ளளவுக்கு வருவது கஷ்டம். அடுத்த சார்ஜில் அது இன்னும் பின்தங்கும், அடுத்த நிகழ்ச்சியில் இன்னும் சீக்கிரம் படுக்கும். மூன்று மாதத்தில் ஜோடியில் ஒன்று குப்பைக்குப் போகும். மற்றதில் பெரும்பாலும் ஒரு குறையும் இருக்காது. ஆனால் நாம் இரண்டையும் தூக்கிப் போட்டுவிடுவோம்.

தம்பி கொண்டுவந்த நான்கு செல்லையும் மல்டிமீட்டரில் பார்த்தோம். சும்மா வைத்துப் பார்த்தால் எல்லாம் 1.27, 1.29 என்று நல்ல பிள்ளையாகக் காட்டின. இப்படிப் பார்ப்பதில் பயனே இல்லை. பழைய டார்ச் பல்பு ஒன்றுக்கு இரண்டு வயர் பற்ற வைத்து வைத்திருக்கிறேன். அதைச் செல்லின் இரண்டு முனையிலும் வைத்து, பல்பு எரிகிறபோதே வோல்ட் பார்த்தோம். இரண்டு செல் 1.24-இல் நின்றன. ஒன்று 1.17. நான்காவது 1.05-க்கு இறங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றுக்குக் கீழே போனது. அந்தச் செல்லின் உள்மின்தடை ஏறிவிட்டது. இந்த ரீசார்ஜ் செல்கள் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. புதிய ஏஏ நிக்கல் செல்லில் உள்மின்தடை சில பத்து மில்லி ஓம் அளவில்தான் இருக்கும். பழுத்த செல்லில் பல மடங்காகும். உள்ளே சரக்கு இருந்தாலும் கேட்கிற நேரத்தில் கொடுக்க முடியாது. பாடி பேக் மாதிரிக் கருவிகளில் செல்லின் வோல்ட்டேஜை ஏற்றித் தரும் சர்க்யூட் இருக்கிறது. செல்லில் வோல்ட் குறையக் குறைய அது கரண்டை அதிகமாக உறிஞ்சும். ஆக, நோஞ்சான் செல்லைக் கடைசி நேரத்தில் இன்னும் வேகமாகக் கவிழ்த்துவிடும்.

மைக்கில் மூன்று கோடு காட்டிக்கொண்டிருந்தது, திடீரென்று அணைந்தது என்று சொல்வார்கள் இல்லையா, அதற்கும் காரணம் உண்டு. சாதாரண அல்கலைன் செல் 1.5 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாக இறங்கும். அந்த இறக்கத்தை வைத்துத்தான் பல மைக்குகளில் கோடு போடுகிறார்கள். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் அப்படி இறங்காது. 1.2 வோல்ட்டை ஒட்டியே நீண்ட நேரம் சமதளமாக ஓடும், கடைசியில் சடாரென்று விழும். அல்கலைனுக்குப் போட்ட கணக்கு இதற்கு ஒத்துவராது. சில நல்ல மாடல்களில் மெனுவுக்குள் போய் என்ன வகை செல் போட்டிருக்கிறோம் என்று சொல்லிவிடலாம். அந்த வசதி இருப்பதே நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. வசதி இல்லாத மைக்கில் கோட்டை நம்பாமல் கடிகாரத்தை நம்ப வேண்டும். இரண்டு ஏஏ செல்லில் ஓடும் பாடி பேக்குகள் ஏறத்தாழ 200, 250 மில்லி ஆம்பியர் எடுக்கின்றன. 2000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட நல்ல செல் எட்டு மணி நேரம் ஓடும். நான் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதில்லை. முகூர்த்தம் முடிந்து வரவேற்புக்கு முன் மாற்றிவிடுவேன், கோடு எத்தனை காட்டினாலும் சரி.

நல்ல சார்ஜர் என்ன செய்கிறது? ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்க்கிறது. நிக்கல் செல் நிரம்பும்வரை அதன் வோல்ட் ஏறிக்கொண்டே போகும். நிரம்பிய பிறகு உள்ளே போகிற கரண்ட் எல்லாம் வெப்பமாக மாறத் தொடங்கும், அப்போது வோல்ட் துளியூண்டு இறங்கும். மெட்டல் ஹைட்ரைடு செல்லில் இந்த இறக்கம் ஐந்து, பத்து மில்லி வோல்ட்தான். அந்தத் துளியைக் கண்டுபிடித்து நிறுத்துவதுதான் நல்ல சார்ஜரின் முழு சாமர்த்தியம். அதோடு செல்லின் சூடு, அதிகபட்ச நேரம் இரண்டையும் கவனிக்கும்.

மெதுவாகச் சார்ஜ் போட்டால் செல்லுக்கு நல்லது என்று நம்மிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. முழுக்கச் சரியில்லை. கரண்ட் ரொம்பக் குறைவாக இருந்தால் கடைசியில் அந்த வோல்ட் இறக்கம் சரியாக வராது, சார்ஜர் ஏமாந்துவிடும். 2000 மில்லி ஆம்பியர் மணி ஏஏ செல்லுக்கு 500-இலிருந்து 1000 மில்லி ஆம்பியர் வரை நல்ல அளவு. ரிமோட்டில் போடும் சின்ன ஏஏஏ செல்லுக்கு 300-இலிருந்து 500 வரை. கரண்டை நாமே தேர்ந்தெடுக்கும் சார்ஜர்கள் கிடைக்கின்றன. செல்லை முழுக்க இறக்கி ஏற்றி, உண்மையில் எவ்வளவு கொள்கிறது என்று எண்ணில் காட்டும் சார்ஜர்களும் உண்டு. விலை கூடுதல்தான். நான்கு ஜோடி செல்லைக் காப்பாற்றினால் காசு திரும்பிவிடும்.

நீண்ட நாள் கிடந்த செல்லை முதல்முறை போடும்போது நல்ல சார்ஜரும் சீக்கிரமே "நிரம்பிவிட்டது" என்று சொல்லிவிடும். பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று முறை இறக்கி ஏற்றினால் சரியாகும். வோல்ட்டே காட்டாத அளவுக்குக் காலியான நிக்கல் செல்லை நல்ல சார்ஜர் ஏற்காமல் துப்பிவிடும். அப்போது அந்த இலவச சார்ஜருக்கு ஒரு வேலை கிடைக்கிறது. அதில் பத்து நிமிடம் போட்டு எழுப்பிவிட்டு, பிறகு நல்ல சார்ஜருக்கு மாற்றலாம். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். லித்தியம் செல்லில் மட்டும் இந்த வேலையைச் செய்யவே கூடாது. அளவுக்குக் கீழே இறங்கிய லித்தியம் செல்லுக்குள் தாமிரம் கரைந்து உள்ளேயே ஷார்ட் ஆக வழியுண்டு. அதை எழுப்பிச் சார்ஜ் போடுவது நெருப்போடு விளையாட்டு.

இப்போது "மெமரி" கதைக்கு வருவோம். "முழுசா காலி பண்ணிட்டுத்தான் சார்ஜ் போடணும், இல்லேன்னா செல் மறந்துரும்" என்று எங்கள் தொழிலில் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் பழகியது நிக்கல் காட்மியம். 1899-இல் ஸ்வீடன்காரர் வால்டெமர் யுங்னர் கண்டுபிடித்த வகை அது. அதில் அந்தத் தொல்லை உண்டு, ஆனால் அதற்கு முரட்டு உடம்பு. இரவெல்லாம் சார்ஜரில் கிடந்தாலும் தாங்கும். ஊர்ப்பட்ட சார்ஜர்கள் எல்லாம் அந்தச் செல்லின் பொறுமையை வைத்து வடிவமைத்தவைதான். 1990-ஐ ஒட்டிச் சந்தைக்கு வந்த மெட்டல் ஹைட்ரைடு அதைவிட அதிகக் கொள்ளளவு, அதைவிடக் குறைந்த பொறுமை. செல் மாறியது, சார்ஜர் மாறவில்லை. மெட்டல் ஹைட்ரைடிலும் லேசாக மெமரி மாதிரி ஒன்று வரும். எப்போதாவது ஒரு முறை ஒரு செல்லுக்கு ஒரு வோல்ட் வரை இறக்கி ஏற்றினால் போதும். ஒவ்வொரு முறையும் காலி செய்வது வீண். லித்தியத்துக்கு இந்தப் பேச்சே வேண்டாம், அதைக் காலி செய்யச் செய்யத்தான் ஆயுள் குறையும்.

பழைய மெட்டல் ஹைட்ரைடு செல்லில் இன்னொரு வியாதி இருந்தது. சும்மா வைத்திருந்தாலே ஒரு மாதத்தில் கால்வாசி வடிந்துவிடும். ஆனியில் சார்ஜ் போட்டதை ஆவணியில் எடுத்தால் பாதிதான் இருக்கும். 2005-இல் ஜப்பானின் சான்யோ கொண்டுவந்த எனிலூப் இதை மாற்றியது. ஒரு வருடம் கிடந்தாலும் 85 சதவீதம் இருக்கும் என்று சொல்லி விற்றார்கள். இன்று அது பானசோனிக் பெயரில் வருகிறது. மற்ற நிறுவனங்களும் இதே மாதிரி மெதுவாக வடியும் செல்களைத் தருகின்றன. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் இடைவெளி விட்டு வேலை வருகிற எங்களைப் போன்றவர்களுக்கு வேறு எதுவும் சரிவராது. அதிலும் 2500 என்று போட்ட வகையை விட 2000 என்று போட்ட வகையே என் தேர்வு. கொள்ளளவு கூடினால் ஆயுள் குறையும். தயாரிப்பாளரே சாதாரண வகைக்கு 2100 முறை என்றும், கூடுதல் கொள்ளளவு வகைக்கு 500 முறை என்றும் போட்டிருக்கிறார்.

எண்ணைப் பற்றிப் பேசும்போது ஒரு எச்சரிக்கை. ஏஏ அளவு மெட்டல் ஹைட்ரைடு செல்லில் 2700, 2800-க்கு மேல் அடைக்க இடமில்லை. 3600, 4600 என்று அட்டையில் போட்டிருந்தால் அச்சடித்தவரின் தாராள மனசு, அவ்வளவே. 18650 என்ற உருளை லித்தியம் செல்லில் 9900 என்று போட்டு விற்பதும் அந்த ரகம்தான். நல்ல நிறுவனங்களின் 18650 செல்லே 3500-ஐ ஒட்டித்தான் இருக்கும். யூ.எஸ்.பி. ஓட்டையோடு வருகிற 1.5 வோல்ட் லித்தியம் ஏஏ செல்களில் வேறு தந்திரம். அங்கே மில்லி ஆம்பியர் மணி இருக்காது, மில்லி வாட் மணி இருக்கும். 3000 மில்லி வாட் மணி என்பதை 1.5-ஆல் வகுத்தால் 2000. எண் பெரிதாகத் தெரிகிறதே என்று மயங்க வேண்டாம்.

அந்த யூ.எஸ்.பி. செல் கார்ட்லெஸ் மைக்குக்கு ஆகுமா என்று பலர் கேட்கிறார்கள். உள்ளே 3.7 வோல்ட் லித்தியம், அதை 1.5-ஆகக் குறைக்கும் சர்க்யூட். கடைசித் துளி வரை 1.5 வோல்ட்டையே தரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மைக்கில் கடைசி நிமிடம் வரைக்கும் முழுக் கோடு காட்டிவிட்டு ஒரே அடியாக அணையும். சில தயாரிப்புகள் தீரும் முன் வோல்ட்டை இறக்கிக் காட்டுகின்றன, பல அப்படிச் செய்வதில்லை. அந்தக் குறைக்கும் சர்க்யூட் மலிவானதாக இருந்தால் ரேடியோ அலை வேலை செய்கிற கருவிக்குள்ளேயே இரைச்சலைக் கிளப்பும். பொம்மைக்கும் டார்ச்சுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, 14500 என்று ஒரு லித்தியம் செல் உண்டு. அச்சு அசல் பென்சில் செல் மாதிரியே இருக்கும், தருவது 3.7 வோல்ட். அவசரத்தில் எடுத்து மைக்கில் போட்டால் மைக் போச்சு.

லித்தியத்தின் இயல்பு வேறு என்பதால் அதை நிக்கல் மாதிரி நடத்தக் கூடாது. இந்த லித்தியம் அயான் வகையை 1991-இல் சோனி முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் அடித்தளத்துக்காக 2019-இல் குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் வேதியியல் நோபல் கொடுத்தார்கள். (மின்வேதியியல் ஏதோ அந்நிய ஊர் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் காரைக்குடியில் அதற்கென்றே ஒரு மத்திய ஆய்வுக்கூடம் 1953 முதல் இருக்கிறது, லித்தியம் செல்லிலும் வேலை செய்கிறார்கள்.) ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் உச்சம். வாக்கி டாக்கி பேட்டரியில் இரண்டு செல் தொடராக இருக்கும், எனவே 7.4 என்று எழுதியிருக்கும், முழுக்க ஏறினால் 8.4. நிரம்ப நிரம்பக் கரண்ட் குறைந்துகொண்டே வரும். அது ஓர் அளவுக்குக் கீழே போனதும் சார்ஜர் பச்சை விளக்கைப் போட்டு நிறுத்தும். செட்டை ஆன் செய்தபடியே சார்ஜரில் சொருகினால் என்ன ஆகும்? செட் தன் பங்குக்குக் கரண்டை எடுத்துக்கொண்டே இருக்கும். சார்ஜர் பேட்டரி இன்னும் நிரம்பவில்லை என்று நினைத்துக்கொள்ளும். பச்சை வராது, பேட்டரி உச்ச வோல்ட்டிலேயே கிடக்கும். திருவிழாக் கமிட்டி அலுவலகத்தில் ராத்திரி முழுக்க "ஹலோ ஹலோ" கேட்டபடி சார்ஜரில் நிற்கும் செட்டுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அணைத்துவிட்டுச் சொருகுங்கள்.

வாக்கி டாக்கிக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று பெட்டியில் போட்டிருப்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நூறில் ஐந்து பங்கு நேரம் பேசுவது, ஐந்து பங்கு கேட்பது, தொண்ணூறு பங்கு சும்மா இருப்பது என்று வைத்து அளப்பார்கள். நம் ஆட்கள் அப்படியா பேசுகிறார்கள்? ஐந்து வாட் செட்டில் பட்டனை அழுத்தியதும் ஒன்றரை ஆம்பியர் போகும். மண்டபத்துக்குள்ளேயே பேசிக்கொள்ள ஐந்து வாட் எதற்கு? குறைந்த பவருக்கு மாற்றினால் பேட்டரி மதியம் தாண்டியும் நிற்கும்.

எல்லா வகைக்கும் பொது எதிரி சூடு. ஏப்ரல், மே முகூர்த்தம் எங்களுக்கு உச்ச சீசன். அக்னி நட்சத்திரத்தில் குட்டி யானை வண்டியில் தார்ப்பாய் போட்டுச் சாமான்களை மூடி, மண்டப வாசலில் வெயிலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகிறோம். தார்ப்பாய்க்கு அடியில் என்ன சூடு இருக்கும் என்று கையை விட்டுப் பாருங்கள். முழுக்கச் சார்ஜ் ஏற்றிய லித்தியம் பேட்டரி 40 டிகிரியில் ஒரு வருடம் கிடந்தால் கொள்ளளவில் 65 சதவீதம்தான் மிஞ்சும் என்றும், அதே பேட்டரி 40 சதவீதச் சார்ஜில் கிடந்தால் 85 மிஞ்சும் என்றும் பேட்டரி யூனிவர்சிட்டி தளத்தின் அட்டவணை சொல்கிறது. 25 டிகிரியில் அந்த எண்கள் 80, 96. நிக்கல் செல்லுக்கு வேறு மாதிரிக் கஷ்டம். 45 டிகிரிச் சூட்டில் சார்ஜ் போட்டால் முழுதாக ஏறவே ஏறாது, முக்கால் பங்கு ஏறினால் அதிகம். எங்கள் ஆட்கள் சார்ஜரை வைக்கும் இடம் எது தெரியுமா? ஆம்ப்ளிஃபயர் ரேக்கின் மேல். அங்குதான் பிளக் பாயிண்ட் பக்கத்தில் இருக்கிறது. கீழே எட்டு மணி நேரமாக ஓடிக்கொண்டிருக்கும் ஆம்ப்ளிஃபயர், மேலே செல். மணமகன் அறையில் ஏசி இருக்கும், கேட்டால் ஒரு பிளக் தருவார்கள். செல்லுக்கும் ஏசி கிடைக்கும், நமக்கும் ஒரு காபி கிடைக்கும்.

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. அந்த மாதத்தில் சாமான்களை எப்படி வைக்கிறோம் என்பதிலும் பாதி ஆயுள் இருக்கிறது. நிக்கல் செல்லை மைக்கிலிருந்து கழற்றி டப்பாவில் போடுங்கள், சில மாதத்துக்கு ஒருமுறை ஏற்றினால் போதும். லித்தியத்தைப் பாதிச் சார்ஜில் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். சக்கரம் வைத்த டிராலி ஸ்பீக்கர் இருக்கிறதே, அதில் பலவற்றுக்குள் இருப்பது 12 வோல்ட் ஈய அமில பேட்டரி. அதற்கு எல்லாம் தலைகீழ். எப்போதும் முழுச் சார்ஜில் இருக்க வேண்டும், காலியாக விட்டால் ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிரசாரத்துக்கு வாங்கி, ஓட்டு எண்ணிக்கை முடிந்ததும் மூலையில் போட்ட டிராலி ஸ்பீக்கர் எதுவும் அடுத்த தேர்தலுக்கு எழுந்து நான் பார்த்ததில்லை. வேட்பாளர் எழுந்துவிடுவார்.

லித்தியத்தைப் பாதிச் சார்ஜில் வைக்கச் சொல்வது எல்லோருக்கும் பொருந்தாது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தமானைப் புரட்டியபோது, அமெச்சூர் ரேடியோ நிகழ்ச்சிக்காக போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத்தின் குழு தங்கள் செட்டுகளை வைத்து வெளியுலகோடு தொடர்பு கொடுத்தது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்திலும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் இறங்கி வேலை செய்தார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு டெல்டாவில் கரண்ட் வராமல் மக்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட நாளுக்கென்று வைத்திருக்கும் செட்டின் பேட்டரி முழுக்கத்தான் இருக்க வேண்டும். ஆயுள் ஓரிரு வருடம் குறையட்டும், புது பேட்டரி வாங்கிக்கொள்ளலாம்.

பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஜோடியைப் பிரிக்காமல் இருப்பதுதான் முக்கியம். என் செல்களில் பெர்மனன்ட் மார்க்கரால் அ, ஆ, இ, ஈ என்று எழுதியிருக்கிறது, ஒரே எழுத்துள்ளவை ஒன்றாகவே மைக்குக்குப் போகும், ஒன்றாகவே சார்ஜருக்கு வரும். வாங்கிய மாதமும் வருடமும் பக்கத்தில். சார்ஜ் ஏறியதை டப்பாவில் பிளஸ் முனை மேலே இருக்க நிறுத்துவோம், தீர்ந்ததைக் கவிழ்த்து நிறுத்துவோம். இருட்டில் புதுப் பையன்கூடத் தடவிப் பார்த்து எடுத்துவிடுவான். ஸ்பிரிங்கையும் தகட்டையும் மாதம் ஒருமுறை பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்து, செல்போன் சர்வீஸ் கடைக்காரர்கள் வைத்திருக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைப்போம். அல்கலைன் செல் ஒழுகி வெள்ளையாகப் பூத்திருந்தால் அது காரம், ஆல்கஹாலுக்கு அசையாது. பஞ்சில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்துவிட்டு, அப்புறம் ஆல்கஹால். உப்பிய லித்தியம் பேட்டரியை அழுத்திப் பொருத்தப் பார்க்காதீர்கள், அதோடு அதன் கதை முடிந்தது. விமானத்தில் கச்சேரிக்குப் போகிறவர்கள் உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் எடுத்துப்போக வேண்டும், செக்‑இன் பெட்டியில் போட்டால் இறக்கிவிடுவார்கள்.

உசிலம்பட்டித் தம்பி தனித்தனி விளக்கு உள்ள சார்ஜர் ஒன்று வாங்கிக்கொண்டார். அந்த நான்கு செல்லில் மூன்றை மூன்று சுற்று இறக்கி ஏற்றியதில் இரண்டு நன்றாகத் தேறின, ஒரு ஜோடியாக மைக்குக்குப் போயின. மூன்றாவது அவர் வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கு. நான்காவது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

அதையும் அது போன்ற இன்னும் பலவற்றையும் என்ன செய்வது என்பதுதான் எனக்கு இன்னும் சரியாகத் தீராத பிரச்சினை. பழைய செல்லைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது, அதிலும் காட்மியம் உள்ளவற்றை நிலத்தில் சேர விடவே கூடாது. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, விற்ற நிறுவனங்கள்தான் பழையதைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்ய வேண்டும். கடையில் கேட்டால் பலருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியவில்லை. நாம் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் தெரிந்துகொள்வார்கள். அடுத்த முறை செல் வாங்கப் போகும்போது பழையதையும் கையோடு எடுத்துப்போய்க் கேளுங்கள். உங்கள் ஊரில் வாங்கிக்கொள்கிற கடை ஏதாவது இருந்தால் எனக்கும் சொல்லுங்கள், இழுப்பறை நிரம்பிவிட்டது.